பலகையின் பின்பக்கம்

2009ஆம் ஆண்டு பாரிசை ஒட்டிய சென் தெனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வாகன விபத்துக் கோப்புகளைத் திகதிவாரியாக அடுக்குவதும், விடுபட்ட தாள்களைக் கேட்டுக் கடிதம் போடுவதும் என் வேலை. ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு சாரதிகளும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்திட்ட ஒரு படிவம் இருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் விபத்து நடந்த இடத்தை அவர்களே வரைய வேண்டும். பெட்டிகள் கார்கள், கோடுகள் தெரு, முக்கோணமோ வட்டமோ வரைந்தால் அது அங்கிருந்த வீதிப் பலகை. கார்களை ஓரளவு சரியாக வரைந்தவர்கள்கூடப் பலகையைப் பிழையாகத்தான் வரைந்தார்கள். தலைகீழாக நிற்க வேண்டிய முக்கோணத்தை நிமிர்த்தி வைத்தார்கள். இல்லாத ஸ்டொப் பலகையைக் கொண்டுவந்து நட்டார்கள்.

அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஏழு வருடம் இருந்தவள் நான். நீதிமன்றச் செய்தியும் பக்க அமைப்பும் என் பொறுப்பு. ஒரு சந்தியின் பெயர் பிழையாக அச்சானால் மறுநாள் ஆசிரியரின் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. லா கூர்னெவில் நடந்த ஒரு விபத்துக்கு இரண்டு சாரதிகளும் இரண்டு வெவ்வேறு பலகைகளை வரைந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். அங்கே பலகையே இல்லை. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்ற பொது விதி ஒன்றுதான் அந்தச் சந்தியில் இருந்தது. படம் எடுத்தேன். அதைக் கோப்பில் சேர்க்கவில்லை, அது என் வேலையல்ல. வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் திகதி, நேரம், சந்தி, நான் நின்ற திசை ஆகியவற்றை எழுதிவைத்தேன். என் முதல் பதிவு அதுதான்.

பிறகு அது நிற்கவில்லை. சிலர் முத்திரை சேர்ப்பார்கள், நான் பலகையும் சிக்னலும் சேர்த்தேன். இதே பைத்தியம் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பலர் இருப்பது இணையத்தில் தெரிந்தது. அவர்கள் எழுதியதை வாசித்து வாசித்துக் கற்றேன். பாரிசின் முதல் சிக்னல் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில் வந்தது. அதில் சிவப்பு மட்டும்தான் இருந்தது, கூடவே ஒரு மணியும் அடித்தது. இன்றைய சிக்னல் கம்பங்களில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே சின்னதாக இன்னொரு விளக்குத் தொகுதி இருக்கும். கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் முதல் காரின் சாரதிக்கு மேலே உள்ள விளக்கு தெரியாது, அவருக்காக வைத்தது அது. பாரிஸ் நகர எல்லைக்குள் ஸ்டொப் பலகையைக் காண்பது மிக அரிது. இதை எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். தங்கள் தெருமுனையில் ஒன்று நிற்கிறது என்று சத்தியம் செய்வார்கள். போய்ப் பார்த்தால் அது தலைகீழ் முக்கோணமாக இருக்கும்.

பலகையின் முன்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குப் பின்பக்கத்தில்தான் ஆர்வம். சாம்பல் நிறத் தகட்டில் செய்த இடமும் வருடமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு தெருவில் எது எப்போது மாறியது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஸ்டொப் பலகை எண்கோணம், வழிவிடு பலகை தலைகீழ் முக்கோணம். இந்த இரண்டையும் பின்னாலிருந்து பார்த்தாலும் வடிவத்தை வைத்தே இன்னதென்று சொல்லிவிடலாம். வட்டம் அப்படியல்ல. வேக எல்லை, லொறி வரக்கூடாது, நுழையக்கூடாது எல்லாமே பின்னால் ஒரே சாம்பல் வட்டம்தான்.

லா ஷப்பலில் எனக்குப் பழக்கமான மரக்கறிக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் அறுபதைத் தொட்டவர், பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழாவுக்குத் தெரு அலங்காரம் பார்ப்பவர். என் கழுத்தில் கமெராவைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

“எங்கடை சனம் கோயிலையும் கலியாணத்தையும் படம் எடுக்கும். நீ என்னண்டால் கம்பத்தைப் படம் எடுக்கிறாய், பிள்ளை. கம்பம் என்ன, வடிவாச் சிரிக்குதோ?”

“அசையாமல் நிக்குது, அண்ணை. கலியாண வீட்டுக்காரர் நிக்கமாட்டினம்.”

“அதுவும் சரிதான். நாய் வந்து காலைத் தூக்கினாலும் அசையாதுதான்.”

அவருடைய கடைக்குச் சாமான் கொண்டுவருபவர் எபினேயில் இருந்த ஒருவர். நாற்பது வயதிருக்கும். விடியப்புறம் மொத்தச் சந்தையில் தன் சிறு வான் வண்டியில் மரக்கறியும் மீனும் ஏற்றிக்கொண்டு வந்து லா ஷப்பல் கடைகளுக்கு இறக்குவார். பாரிசுக்கு வந்த புதிதில் இந்தக் கடையின் நிலவறையில் ஐந்து மாதம் படுத்து எழும்பியவர். வாகன அனுமதிப் பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையை நான்காம் முறைதான் தாண்டினார். மூன்றாம் முறை விழுந்தபோது என் படங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதனால் எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா.

நான் சொல்லப்போவது கொப்பி தொடங்கி ஐந்தாறு வருடங்களுக்குப் பிறகு நடந்தது. ஆவணி மாதம் பாரிசில் பாதிச் சனம் இருக்காது, நகரசபை தெருக்களைக் கிளறுவது அப்போதுதான். அந்த வருடம் லா ஷப்பலின் பெரிய தெருவான ஃபோபூர் சென் தெனி தெருவிலிருந்து பிரியும் ஒரு சிறு ஒருவழித் தெருவின் திசையை மாற்றினார்கள். அதுவரை பெரிய தெருவிலிருந்து உள்ளே போகலாம், இனி உள்ளிருந்து வெளியே மட்டுமே வரலாம். மூலையில் இடப்பக்கமாகப் புதுக் கம்பம் ஒன்றை நட்டு, அதில் நுழையக்கூடாது பலகையைப் பூட்டினார்கள். சிவப்பு வட்டத்தின் நடுவில் வெள்ளைப் பட்டை. வழக்கமாக இரண்டு மூலையிலும் வைப்பார்கள். இங்கே ஒன்றைத்தான் வைத்தார்கள், மற்றது இலையுதிர் காலத்தில்தான் வந்தது. சீமெந்து காய்ந்து முடிவதற்குள் நான் படம் எடுத்துவிட்டேன்.

வான்காரத் தம்பி அப்போது குடும்பத்தோடு லண்டனில் இருந்தார். தேருக்கு இரண்டு நாள் முன்புதான் திரும்பினார்.

தேருக்கு முதல் நாள் சனிக்கிழமை பின்னேரம், தெரு வாசல்களில் சோடி சோடியாக வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். குலையும் இலையுமாக முழு மரங்கள், வான்காரத் தம்பிதான் ஏற்றிவந்திருந்தார். பெரிய தெரு நெரிசலாக இருந்ததால் சிறு தெருவின் மறுமுனைக்கு வெளியே வானை நிறுத்தி, மரங்களைத் தோளில் கொண்டுவந்திருந்தார். இந்தத் தெரு வாசலில் ஒவ்வொரு வருடமும் ஒரு சிக்கல் இருந்தது. வலப்பக்கம் விளக்குக் கம்பம் உண்டு, இடப்பக்கம் கட்ட ஒன்றும் கிடையாது. அந்த வருடம் புதுக் கம்பம் நின்றது. கடைக்காரருக்குப் பெரிய சந்தோசம்.

“நகரசபைக்காரன் எங்களுக்காகவே நட்டுவிட்டிருக்கிறான் பார். நேர் எதிர், நேர் உயரம்.”

குலை தேர் வரும் பக்கம் பார்க்க வேண்டும் என்பது முறை. ஆகவே கடைக்காரர் பெரிய தெருவில் நின்று முகத்தைச் சரிபார்க்க, வான்காரத் தம்பி சிறு தெருப் பக்கமாக ஏணி வைத்து, மரத்தைப் பின்னாலிருந்து கம்பத்தோடு இறுக்கினார். நான் ஏணிக்குப் பின்னால் சிறு தெருவுக்குள் நின்றேன். பலகையின் பின்பக்கத்து வருடத்தை இன்னும் படம் எடுக்கவில்லை, அதற்காகப் போனது.

“அண்ணை, இஞ்சை ஒரு தகரம் இடிக்குது.”

“தகரத்தோடை சேத்துக் கட்டு. இன்னும் மேலை. மேலை ஏத்து.”

நான் படத்தை எடுத்தேன். நேரத்தைக் குறித்தேன். முன்பக்கத்தில் என்ன பலகை என்பது எனக்குத் தெரியும். நாளைக்குத் தெரு முழுவதும் வாகனத்துக்கு மூடப்படும், ஆகவே மறைந்தால் என்ன என்று நினைத்தேன். திங்கட்கிழமையைப் பற்றி நினைக்கவில்லை. வாழை கட்டிய வீதிப் பலகை என் தொகுப்பில் நல்ல படமாக இருக்கும் என்பது மட்டும் மனதில் இருந்தது.

ஞாயிறு தேர் ஓடியது. திங்கள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், அதே கம்பத்தைப் பெரிய தெருவில் நின்று எடுத்தேன். தெருவைக் கழுவிவிட்டிருந்தார்கள், வாழைகள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு அகன்ற இலை பலகையின் மேல் சாய்ந்து கிடந்தது. இலைக் கிழிசல் ஒன்றின் ஊடாக விரலகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அதையும் கொப்பியில் எழுதினேன்.

ஒன்பது மணிபோல வான்காரத் தம்பி வழக்கம்போலப் பெரிய தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குள் திரும்பினார். உள்ளே இருபது மீற்றரில் பொலிஸ் நின்றது.

செவ்வாய் பின்னேரம் சென் தெனி மெத்ரோ வாசலில் எனக்காகக் காத்து நின்றார். தண்டப் பணத்தை என் கைபேசியில் உடனே கட்டிவிடச் சொன்னார். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான். கடிதம் வந்தால் கட்டு, கதவைத் தட்ட விடாதே.

“கட்டக்கூடாது, தம்பி. கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. புள்ளி தானாப் போயிடும். எத்தினை புள்ளி இருக்கு?”

“நாலு.”

“நுழையக்கூடாதுக்கு எத்தினை வெட்டுவாங்கள்?”

“நாலு.”

அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். அனுமதிப் பத்திரத்துக்கு உள்ள பன்னிரண்டு புள்ளியில் எட்டு ஏற்கெனவே போயிருந்தது. விடியப்புறம் நெடுஞ்சாலையில் வேகம், கையில் கைபேசி. “அதெல்லாம் என்ரை பிழைதான், அக்கா. அதுக்கு நான் வாய் திறக்கேல்லை. இது மட்டும் இல்லை.” நான்கும் போனால் பத்திரம் செல்லாது. ஆறு மாதம் ஓட்ட முடியாது, பிறகும் பரீட்சை எழுத வேண்டும். சந்தைச் சாமான் ஆறு மாதம் காத்திராது, வேறொருவர் ஏற்றத் தொடங்கிவிடுவார்.

“பொலிசுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“உண்மையைத்தான். இந்த வாழையைக் கட்டினதே நான், எனக்குத் தெரியாதோ, இஞ்சை ஒரு பனோ பலகையும் இல்லை எண்டு சொன்னனான்.”

“பிரெஞ்சிலையோ?”

“ஓம். அது மட்டும் வடிவா வந்திட்டுது.”

நான் சிரிக்கவில்லை. பலகை மறைந்திருந்தது என்பதற்கு என் திங்கட்கிழமைப் படம் இருந்தது. அவர் பொலிசுக்குச் சொன்ன வசனமோ அந்தப் படத்தை அவருக்கு எதிராகவே திருப்பிவிடும். பலகையைத் தன் கையாலேயே மூடிய ஒருவன், அது இருப்பது தெரியாது என்று சொன்னால் யார் நம்புவது. திங்கள் மத்தியானத்துக்குள் வாழைகளையும் அவிழ்த்து ஏற்றிவிட்டார்கள். பலகை இப்போது பளிச்சென்று நின்றது.

தண்டம் கட்டாமல், மறுப்புக் கடிதம் எழுதி அனுப்பினோம். நீதிமன்ற அழைப்பு மாசி மாதத்தில் வந்தது. பொலிஸ் அறிக்கையின் பிரதி விசாரணைக்கு ஒரு கிழமை முன்தான் கிடைத்தது. எதிர்பார்த்தபடி அந்த வசனம் அதில் சொல்லுக்குச் சொல் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் சனிக்கிழமைப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் எடுத்தது பலகையின் முதுகுக்காக. நடுவில் சாம்பல் வட்டம், வருடம் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதற்குக் கீழே ஏணியில் வான்காரத் தம்பி, அவருடைய முகம் வட்டத்தின் பின்பக்கத்துக்கு ஒரு முழத் தூரத்தில். அவர் நின்ற இடத்திலிருந்து முன்பக்கத்தைப் பார்க்க வழியே இல்லை. வட்டம் பின்னால் எதையும் சொல்லாது. இந்தப் படம் அவரைக் காப்பாற்றும் என்று எனக்கு உடனே நிச்சயமாயிற்று.

பிறகு படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். வாழை மட்டைகளுக்கு அப்பால், பெரிய தெருவில், கடைக்காரர் எங்களைப் பார்த்து நிற்கிறார். வலது கை தலைக்கு மேல். உள்ளங்கை கீழ்நோக்கி, எதையோ மூடச் சொல்வதுபோல. கண் நேராகப் பலகையின் முன்பக்கத்தில். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, மூடச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வான்காரத் தம்பியிடம் கேட்டேன். அவர் வானின் பின்கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“இலையை இன்னும் இழுத்துவிடு எண்டவர். ஏன் எண்டு நான் கேக்கேல்லை.”

“அதைக் கோட்டிலை நீதிபதிக்குச் சொல்லோணும்.”

“அக்கா, அவற்றை பேரை நான் எடுக்கமாட்டன். நான் வந்த புதிசிலை ஒருத்தரும் கதவு திறக்கேல்லை, அவர்தான் திறந்தவர். தேருக்கு அடுத்த வருசம் பொலிஸ் பெமிசன் குடுக்காட்டி, என்னாலை எண்டு ஆகும். உங்கடை அந்தப் படம் வேண்டாம். திங்கட்கிழமைப் படமே காணும், போதும்.”

“காணாது.”

“காணாட்டிப் போகட்டும்.”

படம் என்னுடையது, வழக்கு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் நான் நீட்ட முடியாது. ஆனால் பத்திரிகையில் நான் ஒருபோதும் மீறாத ஒரு விதி உண்டு. ஒருவர் சம்பந்தப்பட்ட விடயம் கையில் இருந்தால், அதை வைத்து எதுவும் முடிவெடுக்கு முன் அவரிடமே கேட்க வேண்டும். படத்தை அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முருங்கைக்காய்களை நீளவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தைப் பார்த்தார்.

“நல்லா விழுந்திருக்கு. நான் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கிறன், என்ன.”

“கை ஏன் அண்ணை மேலை நிக்குது?”

“யாருக்கோ வணக்கம் சொல்லியிருப்பன். தேர் நேரம் ஆயிரம் சனம்.”

“ஒத்தைக் கையாலையோ?”

அவர் படத்தைத் திருப்பிக் கவிழ்த்து மரக்கறித் தட்டின் மேல் வைத்தார்.

“இதை அழிச்சுப்போடு, பிள்ளை. உனக்கென்ன, உன்னட்டை ஆயிரம் கம்பம் இருக்கு.”

“அழிக்கமாட்டன். கோட்டிலையும் குடுக்கமாட்டன், அந்தாள் வேண்டாம் எண்டிட்டார். நான் என்ன நடந்தது எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

“ஏன் வேண்டாமாம்?”

“உங்கடை பேர் வரும் எண்டு.”

ஒரு பெண் வந்து அரைக்கிலோ வெண்டிக்காய் கேட்டாள். அவர் நிறுத்துக் கொடுத்தார். இன்னொருவர் கறிவேப்பிலை கேட்டார், அதையும் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“பிள்ளையார் வாற வழியிலை சிவப்பா, நடுவிலை வெள்ளையா, உள்ளை வராதே எண்டு ஒண்டு நிக்குது. அது எனக்கு வடிவாப் படேல்லை. அதுதான் மூடச் சொன்னனான். உவனுக்கு அது தெரியாது. உவன் தகரம் எண்டுதான் சொன்னவன்.”

“ஓம், எனக்கும் கேட்டது.”

“உனக்குத் தெரியும்தானே அது என்ன பலகை எண்டு. நீ ஏன் அண்டைக்கு வாயைத் திறக்கேல்லை?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, நல்ல பதில் இல்லை. படம் நன்றாக வருமென்று பேசாமல் நின்றேன் என்றேன். அவர் தலையாட்டினார். எங்கள் இருவருக்கும் கணக்கு நேரானது போல இருந்தது.

“எப்ப கோடு?”

“வாற வியாழன், பத்து மணி.”

“வியாழன் கீரை வாற நாள்,” என்றார். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

வியாழக்கிழமை நீதிமன்ற வாசலில் வான்காரத் தம்பி எனக்கு முன்பே வந்து நின்றார். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். வழக்கு அழைக்கப்படுவதற்குப் பத்து நிமிடம் முன், கடைக்காரர் கோட்டும் சூட்டுமாக, கையில் பழுப்பு உறையோடு வந்து அங்கிருந்த நீள வாங்கில் குந்தினார்.

“அண்ணை, நீங்கள் ஏன் இஞ்சை?” என்றார் வான்காரத் தம்பி.

“கீரை பிந்திப் போச்சு. சும்மா இருக்கிற நேரம் கோடு பாப்பம் எண்டு வந்தனான்.”

“வேண்டாம் அண்ணை. போங்கோ.”

“நீ பேசாமல் இரு. நிலவறையிலை படுத்தவன் எல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டாங்கள்.”

நீதிபதி ஐம்பது வயதுப் பெண். வேகமாக வாசிப்பவர், மெதுவாகக் கேட்பவர். பொலிஸ் அறிக்கையை மறுக்க எழுத்தோ சாட்சியோ வேண்டும் என்பதை முதலிலேயே சொன்னார். முதலில் என்னை அழைத்தார். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான சாட்சிகளின் வாயிலிருந்து வந்ததை எழுதியிருக்கிறேன், நானே அந்த இடத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை. சாட்சி சொல்பவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருப்பது ஏன் என்று அப்போது புரிந்தது.

காலை ஏழு மணிக்கு ஒரு வீதிப் பலகையை ஏன் படம் எடுத்தீர்கள் என்று கேட்டார். அது என் பொழுதுபோக்கு என்றேன். பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எத்தனை வருடமாக என்றார். சொன்னேன். கொப்பியைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நீதிமன்றத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்த வரியை வாசித்தார். விரலகலச் சிவப்பு தெரிந்தது என்பதையும் விடாமல் வாசித்தார்.

“அப்படியானால் பலகை தெரிந்தது,” என்றார் அரச தரப்பில் நின்ற பொலிஸ் அதிகாரி.

“சிவப்பு தெரிந்தது, பலகை தெரியவில்லை,” என்றேன். “வாழைப்பூவும் சிவப்புத்தான்.”

நீதிபதி படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். வாழைப்பூ படத்தில் இருந்தது, பலகைக்கு ஒரு முழம் கீழே.

பிறகு அறிக்கையின் வசனத்தை வாசித்து, வான்காரத் தம்பியிடம் மரத்தைக் கட்டியது நீங்கள்தானா என்று கேட்டார். அவர் ஓம் என்றார். அப்போது பலகையைப் பார்த்தீர்களா என்றார். வட்டமாக ஒரு தகரம் இருந்தது, வேறு தெரியாது என்றார். யார் மூடச் சொன்னது என்று நீதிபதி கேட்டார். வான்காரத் தம்பி வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பச் சொன்னார். அப்போதும் அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை நான் இன்றைக்கும் அளந்து சொல்ல முடியும். சுவரில் மணிக்கூடு இருந்தது, அரை நிமிடம்.

வாங்கில் இருந்து கடைக்காரர் எழும்பினார். தானும் சாட்சி என்றார். நீதிபதி அனுமதித்தார். உறையிலிருந்து என் சனிக்கிழமைப் படத்தை எடுத்து நீட்டினார்.

“ஏணியிலை நிக்கிறது அவர். பின்பக்கம். அந்தப் பக்கத்திலை ஒண்டும் எழுதியிருக்கிறேல்லை, இந்தப் பிள்ளையைக் கேளுங்கோ, அவவுக்கு எல்லாப் பலகையின்ரையும் முதுகு தெரியும். முன்பக்கம் நிக்கிறது நான். இந்தக் கை என்ரை கை. மூடச் சொன்னது நான்.”

மொழிபெயர்ப்பாளர் முதுகு என்பதையும் அப்படியே மொழிபெயர்த்தார்.

ஏன் மூடச் சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டார். கடையில் எனக்குச் சொன்னதையே அவர் சொன்னார், கொஞ்சம் குறைத்து. கடவுள் வரும் வாசலில் நுழையக்கூடாது என்று இருப்பது சரியாகப் படவில்லை என்றார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்ப அழைத்து, வட்டப் பலகையின் பின்பக்கம் உண்மையில் எதையும் காட்டாதா என்று கேட்டார். எண்கோணத்தையும் முக்கோணத்தையும் பற்றி விளக்கினேன். மூன்று வசனம் போதுமாக இருந்தது. உங்களுக்கு அது என்ன பலகை என்று தெரிந்திருந்ததா என்றார். ஆம் என்றேன். அப்போது ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடையில் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

தீர்ப்பை அன்றே சொன்னார். அந்தக் காலையில் பலகை சாரதிக்குப் பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை, அது என்ன பலகை என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார் என்பதும் நிறுவப்படவில்லை. விடுதலை. கடைக்காரரிடம், வீதிப் பலகையை மறைப்பது தனிக் குற்றம் என்றும், அன்று தன் முன்னால் இருப்பது அந்த வழக்கல்ல என்றும் சொன்னார். கடைக்காரர் இரண்டு கையாலும் கும்பிட்டார். அரச தரப்பு அதிகாரி தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். அது எங்கள் மூவர் கண்ணிலும் பட்டது.

வெளியே வந்தோம். குளிர் இருந்தது, வெயிலும் இருந்தது.

“அடுத்த வருசம் கூப்பிட்டு விசாரிப்பாங்களோ?” என்று கடைக்காரர் கேட்டார்.

“விசாரிப்பாங்கள்,” என்றேன். “எந்தெந்தக் கம்பத்திலை கட்டலாம் எண்டு ஒரு வரைபடம் கேப்பாங்கள். நான் கீறித் தாறன்.”

“நீ கீறினால் கட்ட ஒரு கம்பமும் மிஞ்சாது.”

பெரிய தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. பாதசாரிக்குச் சிவப்பு. இரண்டு பக்கமும் வாகனம் இல்லை. பாரிசில் யாரும் நிற்காததுபோல் கடைக்காரரும் நிற்கவில்லை, கீரை நினைவில் நேராகக் கடந்து போனார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். வான்காரத் தம்பி நடைபாதை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். நானும் நின்றேன்.

“நடந்து போறவைக்குப் புள்ளி வெட்டமாட்டாங்கள், தம்பி.”

“தெரியும், அக்கா.”

“அப்ப என்ன?”

“இருக்கட்டும். இண்டைக்கு ஒருக்கா நிப்பம்.”

அக்கரையில் கடைக்காரர் கையை வீசி எங்களைத் திட்டிக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பச்சை வர நாற்பது வினாடிக்கு மேல் எடுத்தது. அந்தச் சந்தியின் சிக்னல் என் கொப்பியில் இருக்கவில்லை. அக்கரைக்குப் போனதும் கம்பத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் அதற்குள் மெத்ரோப் படியில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள், கீரைப் பெட்டியை யார் இறக்குவது என்று பேசிக்கொண்டு.